வெட்டுப்பட்ட படகு

தமிழ் இலக்கியம் படிப்பிக்கிறவர்களுக்குக் கவிதையில் எது வந்தாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கவேண்டும். அந்தச் சட்டத்தால் அநியாயம் நடந்தது நெடுந்தீவு யாழினிக்கு. மாதிரிப் பரீட்சையில் அவள் எழுதிய பதிலைச் சிவப்புப் பேனையால் வெட்டிச் சைபர் போட்டிருந்தார்கள். நான் பல்கலைக்கழக மாணவி. சனிக்கிழமைகளில் குறிகட்டுவான் துறையில் படகேறி அவளுடைய தீவுக்குப் போய் அவளுடைய வகுப்புக்கு ரியூஷன் கொடுக்கிறவள். என்னைப்போல் குறியீடு விற்றுப் பிழைக்கிறவர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

சைபர்

கவிதையில் ஒருத்தி கரையில் நிற்கிறாள். படகு வருகிறது. எல்லாரும் இறங்கிப் போகிறார்கள். அவள் நிற்கிறாள். படகு எதன் குறியீடு? திருத்துகிறவர்களுக்குக் கொடுத்த புள்ளித்திட்டத்தில் இருந்தது “வாழ்க்கைப் பயணம்”. யாழினி எழுதியது “வராத ஆள்”. அவளுடைய அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர், இன்னும் ஒருமுறைகூட வரவில்லை. விடைத்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, நான் தமிழை விட்டிட்டுப் புவியியல் எடுக்கப்போறன். அதில கடல் எண்டால் கடல்தான்.”

பூட்டிய வீடு

அவளை மறிக்கவென்றே அடுத்த கிழமை ஒரு சிறுகதை கொண்டுபோனேன். அதில் வரும் பூட்டிய வீடு ஊரைவிட்டுப் போனவர்களின் குறியீடு என்று விளக்கினேன். கடைசி வரிசை வாங்கில் இருந்த றொபின் எழும்பினான். “எங்களுக்குப் பக்கத்துப் பூட்டின வீட்டு வளவுக்க நாங்கள் மாடு கட்டுறம். அதையும் எழுதலாமோ?” வகுப்பே சிரித்தது. யாழினி சிரிக்கவில்லை.

“எங்கட வீடு பகல் முழுக்கத் திறந்துதான் கிடக்கு. அதுக்கு என்ன அர்த்தம், அக்கா?”

இறங்குதுறை

தாள் திருத்திய ஆசிரியரை நெடுந்தீவுத் துறையில் பிடித்தேன். படகு வரும்வரை அவர் தப்ப ஏலாது. என்னை வழியனுப்ப வந்த யாழினியும் பக்கத்தில் நின்றாள்.

“தங்கச்சி, ஒவ்வொரு பிள்ளையின்ர வீட்டுக் கவலைக்கும் புள்ளி போட ஏலாது” என்றார்.

“கவலைக்கு வேண்டாம் சேர், கவிதைக்குப் போடுங்கோ. வாழ்க்கைப் பயணம் எண்ட உறையை எந்தப் படகுக்கும் மாட்டலாம். இந்தப் படகு வந்த பிறகும் அவள் ஏன் நிக்கிறாள்? அதுக்கு உங்கட திட்டத்தில பதில் இருக்கோ?”

சேர் யாழினியின் விடைத்தாளை வாங்கி இன்னொருமுறை வாசித்தார். அதற்குள் படகு வந்து கட்டியாயிற்று. பைகளோடு ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். அவர் யாழினியிடம் திரும்பினார்.

“நீர் சொல்லும் பிள்ளை. படகுதான் வந்திட்டுதே, பிறகேன் அந்த மனிசி நிக்குது?”

இறங்குகிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடியே யாழினி சொன்னாள்:

“எங்கட படகும் ஒவ்வொரு நாளும் வருதுதானே, சேர்.”