காது தெரியாத படம்

சுங்கைப் பட்டாணியில் ஒரு போட்டோ கடையில் ஆறு வருஷம் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்தவள் நான். "தலைய நிமித்துங்க. வாய மூடுங்க. காது தெரியணும். அசையாதீங்க." இந்த நாலு வரியில்தான் என் பிழைப்பு ஓடியது. தூக்கத்திலும் இதையே உளறுகிறேன் என்று என் தங்கை சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

ஃபேஷன் படம் எடுக்கப் போகிறேன் என்று வேலையை விட்டபோது முதலாளி கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். "போய்ட்டு வாம்மா. ஒன் நாற்காலி இங்கதான் இருக்கும். ரெண்டு மாசத்துல வந்துருவ லா," என்றார். செத்தாலும் அந்த நாற்காலியில் உட்காருவதில்லை என்று மனதுக்குள் சபதம் போட்டேன். ஒன்றரை மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை.

பிறகு ஒரு ஜவுளிக்கடைக்காரர் கூப்பிட்டார். தீபாவளிக்கு ஒரு விளம்பரப் புத்தகம், பத்துச் சேலை. படங்கள் அவருக்குப் பிடித்தால் இனி அவர் கடைக்கு நான்தான். பிடிக்காவிட்டால் நாற்காலிதான்.

மாடலையும் அவரே பிடித்தார். செர்டாங்கில் பாலர் பள்ளி ஆசிரியை, நெடுநெடுவென்று உயரம். அவள் மாடலாக நின்றதில்லை, நான் மாடலைப் படம் எடுத்ததில்லை. இரண்டு பேருமே அதை வாய்திறந்து சொல்லவில்லை.

சிடாம் கிரி பக்கம் ஒரு கித்தா மரத் தோட்டம். காலை வெயில் மரங்களுக்கு நடுவே அழகாகத்தான் விழுந்தது. கொசுவும் தன் கடமையைச் செய்தது. நான் சொன்னதை எல்லாம் அவள் அப்படியே செய்தாள். மூன்று சேலை முடிந்ததும் கடைக்காரர் கேமராத் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பொண்ணு எந்த நாட்டுக்குப் போகுது? விசா கெடச்சிருச்சா?"

பார்த்தேன். நிமிர்ந்த தலை, மூடிய வாய், இரண்டு காதும் பளிச்சென்று. பட்டுச் சேலையில் மூன்று பாஸ்போர்ட் படம்.

பதற்றத்தில் இன்னும் கத்தினேன். தோளை இறக்கு, கையை இடுப்பில் வை, இயல்பாக இரு! அதட்டலுக்கு யார்தான் இயல்பாக இருப்பார்கள்? கடைக்காரர் மணி பார்த்தார். "மத்தியானம் வரைக்கும் பாப்போம். சரி வரலன்னா பினாங்குலேர்ந்து ஆள் கூப்பிட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு சாப்பிட நாசி லெமாக் வாங்கக் காடியை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, கேமராவக் குடுங்க. நீங்க வந்து நில்லுங்க," என்றாள் அவள்.

என் சிலுவாருக்கும் டீ-சட்டைக்கும் மேலே மஞ்சள் சேலையைச் சுற்றிவிட்டாள். நான் நின்றேன், காது தெரியத்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்தக் கடைசி மரம் வரைக்கும் எத்தன பால் மங்கு இருக்குன்னு எண்ணுங்க. தப்பா எண்ணுனா திரும்ப மொதல்லேர்ந்து!"

மரங்களில் கட்டியிருந்த, ரப்பர் பால் வடியும் மங்குகளை எண்ணிக்கொண்டே போனேன். ஏழாவதில் ஒரு கொசு கடித்தது. "அக்கா, நீங்க ஒண்ண விட்டுட்டீங்க!" என்று பின்னாலிருந்து கூவினாள். "இல்லவே இல்ல!" என்று திரும்பினேன், முகமெல்லாம் முடி. கேமரா சொடுக்கியது.

"எங்க பிள்ளைங்ககிட்ட அழகா நில்லுன்னா கட்டையா நிக்குங்க, அக்கா. ஒரு வேலையக் குடுத்துட்டா போதும்."

வெட்கமே இல்லாமல் அதை அப்படியே திருடினேன். முந்தானை முள்ளில் மாட்டிவிட்டது, எடு. பஸ் போகிறது, நிறுத்து. ஒரு பிள்ளை ஓடிவிட்டான், கூப்பிடு. கடைக்காரர் சாப்பாட்டோடு திரும்பியபோது ஏழாவது சேலையில் இருந்தோம். கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் கடையில் படங்களைக் காட்டினேன். ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"இதான் அட்டைப்படம். பிரமாதமா எடுத்திருக்கீங்க."

மஞ்சள் சேலை. அழிக்க மறந்த படம். ஒரு நொடி, ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது.

"அது நான் எடுத்தது இல்லண்ணே. அந்தப் பொண்ணு எடுத்தது. அதுல இருக்கறதுதான் நான்."

"நீங்களா!" அவர் அதிர்ந்தது கொஞ்சம் அதிகப்படிதான். என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போச்சு, நாற்காலிதான் என்று நினைத்தேன்.

"மத்ததெல்லாம்?"

"நான்தான்."

"அப்பன்னா அடுத்த மாசமும் வாங்க. ஆனா பொண்ணுங்ககிட்ட எப்படிப் பேசணும்னு மட்டும் அதுகிட்டயே கேட்டுக்குங்க."

தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தப் படம் ஆளுயரத்துக்குக் கடை வாசலில் தொங்கியது. என் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கே தெரியாது. போகும்போதும் வரும்போதும் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டேன். அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோது வேட்டி வாங்க என் பழைய முதலாளி வந்தார். படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"காது தெரியலையே," என்றார்.

"அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்குங்க, முதலாளி," என்றேன்.