பெயர் தெரியாத பங்காளி

என் நோய் முதலில் மெட்டியில்தான் தெரிந்தது. ஒரு காலை எழுந்து பார்த்தால் அது விரலைக் கவ்விக்கொண்டிருந்தது. "கல்யாணத்தன்னிக்கு லூசா இருக்குதுன்னு சண்டைக்கு வந்தியே, இப்பச் சரியாப் போச்சு பாரு" என்றார் என் வீட்டுக்காரர். சேந்தமங்கலம் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. மனிதர் எதையும் சிரித்தே கடத்திவிடுவார். மறுவாரம் என் முகமும் வீங்கியபோதுதான் அவர் சிரிப்பு நின்றது.

சேலத்தில் டாக்டர் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவைப் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார். டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கியது. அந்தப் படுக்கையில் கிடந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? ஊசியைவிடத் தாகம்தான் கொடுமை. யாராவது என் எதிரில் சொம்போடு தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தால் எனக்குக் கொலைவெறி வரும்.

"எம்பட கிட்னியில ஒண்ண எடுத்து வையுங்க டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். சோதனை செய்தால் அவருக்குச் சர்க்கரை. கொடுக்கப் போனவர் மாத்திரைச் சீட்டோடு திரும்பினார். அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். "உனக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்லாமப் போச்சே புள்ள." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் பிழைத்தால் குலசாமிக்குக் கெடா வெட்டுவதாக அப்போதே நேர்ந்துகொண்டார்.

காத்திருப்போர் வரிசையில் பெயர் பதிந்தோம். ஒரு மத்தியானம் சோறு வடிக்கும் நேரத்தில் போன் வந்தது. மூளைச்சாவு (மூளை மீளாதபடி நின்றுபோய், இயந்திரத்தால் மட்டும் மூச்சு ஓடும் நிலை) அடைந்த ஒருவரின் சிறுநீரகம் எனக்குப் பொருந்தியிருந்தது.

ஆபரேஷன் முடிந்ததும் வீட்டுக்காரர் சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் போட்டார். "ஒண்ணுக்குப் போயிட்டாளுங்க. ஆமாங்க, நல்லாவே போறா." வார்டே சிரித்தது. எனக்கு மானம் போனது, சந்தோஷமாகவும் இருந்தது.

"கிட்னி குடுத்தவங்க ஆருங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதும்மா. அவங்களுக்கும் உங்க பேரு தெரியாது. தண்ணி நெறையக் குடிங்க."

வயிறு முட்டக் குடித்தேன். ஆனால் அந்த வீட்டுக்கு எழவு கேட்கப் போகவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. எந்த ஊர் என்று போவது?

வீடு வந்ததும் அவர் கெடா வெட்டுக்கு நாள் குறிக்கக் கிளம்பினார்.

"நமக்குத் தீட்டுங்க" என்றேன்.

எங்கள் பக்கம் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் காரியம் முடியும்வரை கோயில் வாசலை மிதிக்க மாட்டோம். வருஷம் திரும்பும்வரை நேர்த்திக்கடனும் கிடையாது.

"எந்த ஊரோ, என்ன சாதியோ. அவங்க எப்படிப் புள்ள நமக்குப் பங்காளி?"

"எம்பட ரத்தத்த இப்பச் சுத்தம் பண்றது ஆருங்க? இதுக்கு மேல கிட்டத்துச் சொந்தம் எங்க இருக்குது?"

"சாமிக்கு வாக்குக் குடுத்துட்டேன். தள்ளிப்போட்டுக் குத்தமாயி, உனக்கு மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அவர் பயம் நியாயம்தான். நிராகரிப்பு (புதிய உறுப்பை உடல் ஏற்க மறுப்பது) எப்போதும் வரலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனாலும் அங்கே ஒப்பாரி அடங்குமுன் இங்கே விருந்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகு அவர் கோழிகளோடு மட்டும் பேசினார்.

ஆபரேஷன் ஆன பதினாறாம் நாள் காலை சொல்லாமல் எங்கோ போய்விட்டார். மத்தியானம் டயாலிசிஸ் நர்ஸ் போன் செய்தார். "அக்கா, உங்க வீட்டுக்காரர் இங்க நோயாளிங்க கூட வந்தவங்களுக்கெல்லாம் எலை போட்டுச் சோறு பரிமாறிட்டிருக்காரு. என்ன விசேஷம்னு கேட்டா, எங்கூட்டுக் காரியமுங்க, பங்காளி ஒருத்தர் தவறிட்டாருன்னு சொல்றாரு."

போனைப் பிடித்தபடியே அழுதேன். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனிதரை அன்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் ஒரு வருஷம். முகக்கவசம், மாத்திரை, வேகவைத்த சாப்பாடு. பண்ணைப் பக்கம் நான் போகக் கூடாது; அவர் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். ஒவ்வொரு இரத்தச் சோதனைக்கும் அவர்தான் முதலில் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்ப்பார். எனக்கு ஆபரேஷன் ஆகி வருஷம் திரும்பிய நாள் வந்தது. எங்கோ ஒரு வீட்டில் அன்று திவசம்.

தலைத்திவசம் கழிந்த பிறகு கெடாவோடு குலசாமி கோயிலுக்குப் போனோம்.

"ஆரு பேருக்குங்க பூசை?" என்றார் பூசாரி.

வீட்டுக்காரர் என் பெயரைச் சொன்னார். "கூட இன்னொருத்தருங்க. பேரு தெரியாது."

"ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?"

"அதுவும் தெரியாதுங்க. இவகூடத்தான் நிக்கறாங்க. நீங்க பண்ணுங்க."

பூசாரி என்னை ஒருமுறை பார்த்தார். கற்பூரத்தைக் கொளுத்தினார். பூசை முடிந்து என் கையில் இரண்டு தடவை திருநீறு போட்டார். ஒன்றை நெற்றியில் இட்டுக்கொண்டேன். இன்னொன்றை, முந்தானைக்குள் கைவிட்டு, அடிவயிற்றுத் தழும்பின் மேல் பூசினேன்.