ஃபாயில் இல்லாமல் பதிந்த பெயர்

பதினோரு வருடமாக ஒரு வார்த்தை பேசாத மனிதருக்கு ஒரு பெண் மறுபடியும் கழுத்தை நீட்டுவாளா? குத்தாலத்தில் சௌந்தரநாயகியைத் தெரிந்தவர்கள் அந்தச் சித்திரை முழுக்க இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. கணவர் அமிர்தலிங்கம் உர வியாபாரத்துக்காக முத்துப்பேட்டையில் தங்கினார். வாரம் ஒருமுறை வந்தவர், மாதம் ஒருமுறை வந்தார், பிறகு வரவில்லை. எந்த நாளில் காத்திருப்பதை நிறுத்தினோம் என்பது அவளுக்கே தெரியாது.

வீட்டு முன்னறையில் அவள் கையால் அழைப்பிதழ் செய்தாள். எழுத்துப் புடைத்த பித்தளை பிளேட்டைச் சூடாக்கி, அதற்கும் அட்டைக்கும் நடுவே தங்க நிற ஃபாயிலை வைத்துக் அச்சுப்பொறியின் கைப்பிடியை இறக்கினால் எழுத்து பொன்னாகப் பதியும். சொரசொரப்பான அட்டையில் மற்றவர்களுக்கு எழுத்து உடைந்துவிடும். அவள் முதலில் ஃபாயில் இல்லாமல் அழுத்திப் பள்ளமாக்குவாள். அதே பள்ளத்தில் ஃபாயிலோடு இரண்டாம் முறை. பெரிய கலை என்று சொல்ல முடியாது. சுத்தமான வேலை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்கிறவர்கள் தேடி வந்தார்கள்.

மகள் குந்தவையும் அதற்குத்தான் வந்தாள்.

“அப்பாவுக்கு வைகாசில அறுபது முடியுதும்மா. திருக்கடையூர்ல தேதி வாங்கிட்டேன். பத்திரிகை நீயே அடிச்சிடு.”

“அவரு சரின்னாரா?”

“சரின்னாரு.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லல. நீ என்ன சொல்றே?”

“அட்டை எந்த நிறம்?”

குந்தவை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நாத்தனார் விஜயலட்சுமி நம்பவில்லை. போனில் பிடித்தாள்.

“வரலன்னா இப்பவே சொல்லிடுங்க அண்ணி. எங்கண்ணன் யாருக்குத் தாலி கட்டுறது, தூணுக்கா?”

“பிளேட் சூடு ஆறிடும் விஜயா, வச்சிடுறேன்.”

பெயர்களுக்குத் தனித்தனி பிளேட். கணவர் பெயரை இரண்டு முறை அழுத்தினாள், பொன் நின்றது. தன் பெயரை ஒருமுறை அழுத்தினாள். ஃபாயிலைத் தொடாமல் அட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். எண்பது அட்டையும் அப்படியே. கோபம் வரவில்லை.

“என்னம்மா, அப்பா பேரு மின்னுது, உன் பேரையே காணும்!”

“சாய்ச்சுப் பாரு. இருக்கு.”

“ஃபாயில் தீந்துபோச்சா?”

“ரெண்டு ரோல் கெடக்கு.”

“அப்ப போடேன்! பொண்ணு பேரத் தடவிப் பாத்துக்க வேண்டியதுதானா?”

“இது போதும்.”

மறுபடி அடிக்க நாளில்லை. அட்டையைக் கையில் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: அவள் வரமாட்டாள். விஜயலட்சுமி அண்ணனிடமே அதைச் சொல்லிவிட்டாள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் சௌந்தரநாயகி முதல் பஸ்ஸில் திருக்கடையூரில் வந்து இறங்கினாள். இருவர் தலையிலும் கலசநீரை ஊற்றினார்கள். ஈரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தபோது அமிர்தலிங்கம் மெல்லக் கேட்டார்.

“சாப்பிட்டியா?”

“இனிமேதான்.”

தாலியை எடுத்தார். அவள் குனிந்தாள். அவர் மூன்று முடிச்சும் போட்டு முடிக்கும்வரை அசையவில்லை. பந்தி முடிந்ததும் அவர் முத்துப்பேட்டைக் காரில் ஏறினார். அவள் குத்தாலம் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அன்று ஏன் வந்து உட்கார்ந்தாய் என்று குந்தவை அதன்பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். சௌந்தரநாயகி சொன்னதில்லை.