பூங்காவில் நின்றுபோன பேச்சு

ஒருவருடைய பேச்சை நான் நிறுத்தினேன். அதற்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஒரு தேதியை மட்டும் தேர்ந்தெடுத்தேன்.

அப்போது திண்டுக்கல் நகராட்சியில் குமாஸ்தா வேலை. வாடகை அறையில் தனி வாசம். பூங்காவில் ரேடியோ அறையும், கம்பத்தில் ஒலிபெருக்கியும் இருந்தன. மாலைச் செய்தி முடிந்ததும் ரேடியோ ஆபரேட்டர் மைக்கைப் போட்டு, ஊர்க்காரர் ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பார். பூக்காரி, ஜட்காக்காரர், பூட்டுச் செய்பவர், யாராவது. "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதைக் கேட்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. கேட்கிற கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து வரும் முஸ்லிம் தொழிலாளிகள் மட்டும் விடாமல் வந்து புல்லில் கால் நீட்டிக் கேட்பார்கள்.

"என்னையும் ஒருநாள் கூப்பிடுங்கண்ணே" என்றேன்.

ஆபரேட்டர் மைக்கை அணைக்காமலே சிரித்தார். "உங்ககிட்ட என்னத்தப் பேச அப்பு? ஃபைலு எங்கிட்டுப் போச்சுன்னா?"

புல்லில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பேச ஆளில்லை என்பதைக் கம்பத்தின் உச்சியிலிருந்து ஊருக்கே சொல்லிவிட்டது போலிருந்தது.

பேச்சை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போடச் சொல்லிப் புகார் வந்தது. நகராட்சித் தலைவர் நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லி, எந்த நாள் போகலாம் என்று என்னிடம் கேட்டார். நோன்பு மாதத்தில் ஒரு மாலையைச் சொன்னேன். நோன்பு திறக்கத் தொழிலாளிகள் பள்ளிவாசலில் இருப்பார்கள். பேச்சைக் கேட்பவர்கள் அவர்கள்தான் என்பது தலைவருக்குத் தெரியாது.

அன்று சின்னாளப்பட்டி நெசவாளி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். எதிரே வெறும் புல்.

"யாருக்குய்யா பேசுறாங்க?" என்றார் தலைவர். நான் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து இசைத்தட்டுதான்.

பெருநாள் கழிந்து வந்த தொழிலாளி ஒருவர் ரேடியோ அறை ஜன்னலைத் தட்டினார். "என்னண்ணே, வாயக் கட்டிப்பிட்டாகளா?"

ஆபரேட்டர் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"பாட்டுக்குத்தான் இம்புட்டுக் கூட்டம் வருதே, விடுய்யா" என்றுவிட்டார்.

பிறகு ஆபரேட்டரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். மைக் அணைந்திருந்தது, வெளியே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

"ஓட்டல் சாப்பாடுண்ணே. என்னன்னு கவனிக்கல."

பாட்டு முடிந்தது. தட்டு மாற்ற எழுந்தவர் திரும்பி வந்து உட்காரவில்லை. இரண்டாவது கேள்விக்காக வெகுநேரம் அந்த நாற்காலியில் இருந்தேன். பிறகு எழுந்து என் வாடகை அறைக்கு நடந்தேன்.