மூன்றாம் சாக்கில் மாட்டிக்கொண்டேன்

இன்று மதியம் நான் ஏன் பட்டறைக்குத் திரும்பவில்லை என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் கல்மண்டபம் பக்கம் போனேன். கடற்கரை மணலில் அமெரிக்கக் கப்பல்காரர்கள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆள் போதாமல் வேடிக்கை பார்த்தவர்களையும் இழுத்துவிட்டார்கள்.

நான்கு மூலையில் நான்கு சாக்கு. பந்தை அடித்துவிட்டு, ஒவ்வொரு சாக்காகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே ஓடிவர வேண்டும். நான் அடித்தேன், ஓடினேன், மூன்றாவது சாக்கில் மாட்டிக்கொண்டேன். அடுத்த ஆள் அடிக்கும்வரை நகரக் கூடாது. நகர்ந்தால் பக்கத்தில் நின்ற செம்பட்டைத் தலைக்காரன் பந்தால் தொட்டுவிடுவான்.

அப்போது பட்டறைச் சங்கு ஊதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டை மூடிவிடுவார்கள். மேஸ்திரி ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்திருக்கிறார்.

அடிக்க வந்தவர் வண்ணாரப்பேட்டைத் தோல் மண்டி ஆள். முன்பின் பார்த்ததில்லை. அங்கிருந்தே கத்தினார்:

"மாமு, சங்கு கெடக்குது வுடு! நவுந்துடாத! நான் அட்ச்சி உன்ன இட்டாறேன்!"

இரண்டு பந்தைத் தவறவிட்டார். மூன்றாவது பந்து கடலில் விழுந்தது. நான் ஓடி முடித்தபோது செம்பட்டைத் தலைக்காரனே கை தட்டினான்.

கேட் மூடியிருந்தது. கூடவே ஓடிவந்த மண்டிக்காரர் எனக்காக, உள்ளே நின்ற மேஸ்திரியிடம் கெஞ்சினார். "பேஸ்பாலு நைனா, அதான் லேட்டு."

"நீ யாருய்யா இவனுக்கு?"

"ஒரே கட்சி."

கேட் திறக்கவில்லை.

நாளை மேஸ்திரியிடம் என்ன சொல்லலாம், யோசனை சொல்லுங்கள். பேஸ்பால் தொத்து வியாதியா என்று அவர் வாட்ச்மேனிடம் விசாரித்தாராம்.