சக்கரத்தில் படிந்த கறுப்பு

சவூதியின் தம்மாமில் எங்கள் கட்டடத்தில் விடியற்காலையில் கார் கழுவுபவர் ராமநாதபுரத்து முருகேசன். கழுவி முடித்ததற்கு அடையாளமாக வைப்பரைத் தூக்கி வைத்துவிட்டுப் போவார்.

போன வருடம் நான் ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கினேன். மாலையில் டூட்டி முடிந்து வந்து பார்த்தால் என் மனைவியின் ஜப்பான் கார் சக்கரம் பளபளக்கும். என்னுடையது அடுப்புக்கரி மாதிரி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் மாலை முருகேசனைப் பிடித்துக் கேட்டேன்.

"வைப்பரைத் தூக்கி வச்சிட்டா கழுவுனதா ஆயிடுமா? யாரை ஏமாத்துற?"

"தினமும் தேச்சுத்தான் கழுவுறேன் சார். காலையில ஒரு தடவை குனிஞ்சு பாருங்க."

எதிர்த்துப் பேசுகிறான் என்று அவருடைய சூப்பர்வைசரிடம் புகார் சொன்னேன். மறுநாளே முருகேசனைப் பகலெல்லாம் கார் கழுவ வேண்டிய, நிழலே இல்லாத வெட்டவெளி பார்க்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

புது ஆள் வந்தும் கறுப்பு போகவில்லை. வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக் சக்கரத்தை விரலால் தடவிக் காட்டினார்.

"பிரேக் பேட் தேயுற தூள் சார் இது. ஐரோப்பா வண்டி பேட் நல்லாப் பிடிக்கும், தூளும் நிறையக் கொட்டும். ஜப்பான் வண்டியில இவ்வளவு வராது. காலையில கழுவுனாலும் சாயங்காலம் இப்படித்தான்."

தினமும் காலையில் அந்த வைப்பரை இறக்கிவிட்டுக் கிளம்பியவன் நான்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் குனிந்து பார்த்திருக்கலாம். என் இடுப்பு வளையவில்லை. அதற்கு அவர் வெயிலில் நிற்கிறார்.