கோடு போடாத தோல்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் தோல் வெட்டினேன். படிப்பு பத்தாவது. அதுவும் கணக்கில் ஃபெயில். இப்போது அதே கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். பெரிய கதை இல்லை. போனில் வீடியோ பார்த்தேன். பழைய லேப்டாப் வாங்கினேன். மூன்று வருஷம் தப்புத் தப்பாக எழுதினேன். பிறகு தப்பு கம்மியானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கழித்துப் போட்ட தோல் துண்டுகளில் பை தைப்பேன். தைத்த பையை ஜன்னலோரம் வைத்துப் படம் எடுப்பேன். கேமரா செகண்ட் ஹேண்டு.

"ஆள் ஒண்ணு, வேலை மூணு. ஒண்ணாவது உருப்படுமா?" என்பாள் மனைவி. அவள் வேலூரில் நர்ஸ். "போட்டோல தழும்பெல்லாம் பளிச்சுனு தெரியுதுங்க. யாரு வாங்குவா?"

நான் அடுத்த துண்டை எடுத்துத் தைப்பேன்.

கம்பெனியில் எனக்குக் கொடுத்த வேலை இது. தோலைக் கேமராவில் காட்டினால் எங்கே தழும்பு, எங்கே முள் கீறல், எங்கே உண்ணி கடித்த புள்ளி என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அந்த இடத்தை விட்டு வெட்டுவார்கள்.

"வரலேன்னா கட்டிங் டேபிளுக்கே திரும்பிடு. அதுல ஒண்ணும் தப்பில்ல," என்றார் மேனேஜர்.

தப்பில்லைதான். ஆனால் எனக்குத் திரும்ப இஷ்டமில்லை.

மூன்று மாதம் தோல்களைப் படம் எடுத்தேன். குறை எது என்று கம்ப்யூட்டருக்குக் காட்டிக் கொடுத்தேன். என் மேஜையில் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறைகூடத் தப்பவில்லை.

மேனேஜர் பார்க்க வந்த அன்று, லாரியிலிருந்து அப்போதுதான் இறக்கிய தோல் கட்டைப் பிரித்தார்கள். முதல் தோலில் கையகலத் தழும்பு. 'நல்லது' என்றது கம்ப்யூட்டர். இரண்டாவதும் நல்லது. மூன்றாவதும்.

என்னோடு ஒரே டேபிளில் வெட்டிய பாய் பக்கத்தில் நின்றார்.

"இன்னா தோஸ்த், எல்லாமே நல்ல தோலா? இத்த மாட்டுச் சந்தைல கொண்டுபோய் வை. கெழ மாடெல்லாம் கன்னுக்குட்டி ஆயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை வரைக்கும் டைம்," என்று போய்விட்டார்.

பாய் தன் வேலையைத் தொடங்கினார். தழும்பைச் சுற்றி வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டார். வெட்டுமுன் எல்லோரும் செய்வதுதான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. 'குறை' என்றது கம்ப்யூட்டர். பாய் என்னைப் பார்த்தார். நல்ல இடத்தில் சும்மா ஒரு வட்டம் போட்டார். அதையும் 'குறை' என்றது.

புரிந்துவிட்டது. என் படங்கள் எல்லாம் கட்டிங் டேபிளில் எடுத்தவை. வட்டம் போட்ட பிறகு எடுத்தவை. பதினோரு வருஷம் பார்த்த கண்ணுக்கு அந்த வட்டம் தனியாகத் தெரியவே இல்லை. கம்ப்யூட்டர் தழும்பைப் படிக்கவில்லை. பேனாவைப் படித்திருக்கிறது.

மறுநாள் குடோனுக்குப் போனேன். கோடு போடாத தோலைப் படம் எடுத்தேன். டியூப் லைட் நேர் மேலே இருந்தது. தழும்பு படத்தில் விழவே இல்லை. அப்போதுதான் என் ஜன்னல் ஞாபகம் வந்தது. அங்கே வெளிச்சம் பக்கவாட்டில் வரும். மேடு பள்ளம் எல்லாம் நிழல் கட்டும். ஒரு விளக்கைத் தோலின் மட்டத்துக்கு இறக்கி வைத்தேன். தழும்பு எழுந்து நின்றது.

சந்தேகமான இடத்தை விரல்மேல் மடித்துப் பார்த்தேன். பை தைக்கும்போது செய்வது போலத்தான். பலவீனமான தோல் மடிப்பில் வாய் பிளக்கும். பிளந்த இடத்தையும் குறை என்று குறித்தேன். நாலு நாள் அதே வேலை. புதுப் படங்களை வைத்துக் கம்ப்யூட்டருக்கு முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை. புதுக் கட்டு, பக்கவாட்டில் அதே விளக்கு. தழும்பு, கீறல், புள்ளி, வரிசையாகச் சொன்னது. ஐந்தாவது தோலில் வயிற்றுப் பக்கம் ஓர் இடத்தைக் 'குறை' என்றது. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அங்க ஒண்ணுமில்லப்பா. உன் மிஷினுக்கு சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சு," என்றார் பாய்.

நான் அந்த இடத்தை விரல்மேல் மடித்தேன். மயிரிழை அளவுக்குப் பிளந்தது.

பாய் பேனாவைத் திறந்து அங்கே வட்டம் போட்டார்.

"திங்கக்கெழமை ரெண்டாவது லைனுக்கும் மாட்டு," என்றார் மேனேஜர்.

வீட்டில் சொன்னேன். மனைவி ஆணியில் தொங்கிய பைகளில் ஒன்றை எடுத்தாள். தன் டிபன் பாக்ஸை அதில் மாற்றி வைத்தாள். திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது, தழும்பு வெளியே தெரிகிற மாதிரிதான் தோளில் மாட்டிக்கொண்டாள்.